பழைய வண்டியின் ரேடியேட்டர்: கேள்வி பதில்

கேள்வி: இருபது வருடக் கார். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டி விளிம்பில் கசிகிறது. ஒட்டலாமா, மாற்றவா?

பதில்: மாற்றிவிடுங்கள். இத்தனை வருடம் சூட்டில் கிடந்த பிளாஸ்டிக் நொறுங்கும் பதத்துக்கு வந்திருக்கும். இன்று ஒட்டினால் நாளை பக்கத்தில் விரியும். எஞ்சின் முழுக்க ஆறிய பிறகே மூடியில் கை வையுங்கள். சூட்டில் திறந்தால் உள்ளிருப்பது கொதித்து முகத்தில் அடிக்கும். பழைய கூலண்டை, அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவத்தை, பாத்திரத்தில் பிடித்து மூடி வையுங்கள். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் என்ற நச்சு இனிக்கும். நாயோ பூனையோ நக்கினால் உயிருக்கே ஆபத்து.

கையோடு ஹோஸ்கள், கிளிப்புகள், மூடி எல்லாவற்றையும் புதிதாகப் போடுங்கள். மூடியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கூலண்டும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்தால் திறந்த பாத்திரத்தில் சுமார் 107 டிகிரி செல்சியஸில் கொதிக்கும். 15 பிஎஸ்ஐ அழுத்தம் தாங்கும் மூடி இறுகப் பிடித்திருந்தால் சுமார் 129 வரை தாங்கும். மூடியின் ரப்பர் தளர்ந்தால் இந்த வித்தியாசம் மொத்தமும் போச்சு.

நிரப்பும்போது முன்பக்கம் சற்று உயரமாக இருக்கட்டும். ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஆறிய எஞ்சினை மூடி போடாமலே ஓடவிட்டு, காற்றுக் குமிழ் அடங்கும்வரை ஊற்றுங்கள்.

கேள்வி: உள்ளே பச்சை கூலண்ட். சிவப்பை ஊற்றலாமா?

பதில்: நிறம் வெறும் சாயம். கையேட்டில் சொன்ன வகையைப் பாருங்கள். ஒவ்வாத வகைகள் கலந்தால் துருத்தடுப்பு குறையும், சில சமயம் கூழாகி அடைக்கும்.

கேள்வி: நின்றால் சூடேறுகிறது, வேகமாகப் போனால் இறங்கிவிடுகிறது.

பதில்: விசிறியைப் பாருங்கள். வேகத்தில் ஏறியிருந்தால் ரேடியேட்டர் அடைப்பைச் சந்தேகித்திருப்பேன்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் சூடே ஏறாதாமே?

பதில்: கழற்றாதீர்கள். எஞ்சின் சூடேறும்வரை கூலண்டை ரேடியேட்டருக்கு விடாமல் மூடி வைக்கும் வால்வு அது.

கேள்வி: நான் கழற்றி மூன்று வருடம் ஆகிறது, ஒன்றும் ஆகவில்லையே? மாட்டினால் தண்ணீர் தடைபடத்தானே செய்யும்?

பதில்: ஆகிக்கொண்டிருப்பது வெளியே தெரியாது. எஞ்சின் உரிய சூட்டுக்கு வரவே நேரமாகும்; அதுவரை பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், எரியாத பெட்ரோல் ஆயிலில் இறங்கும், சிலிண்டர் தேயும். தடை என்கிறீர்கள். தெர்மோஸ்டாட் சுமார் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கத் தொடங்கிவிடும், அப்புறம் வழிதான்.

கேள்வி: தண்ணீர் வேகமாக ஓடினால் சூட்டை வாங்க நேரமில்லை என்பார்கள். அதனால்தான் வேண்டாம் என்கிறீர்களா?

பதில்: இல்லை, அது தவறான நம்பிக்கை. ஓட்டம் கூடினால் சூடு இன்னும் நன்றாகத்தான் வெளியேறும். உண்மையான சிக்கல் வேறு. பல எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போது அதன் அடித்தட்டு பைபாஸ் வழியை மூடும். அதைக் கழற்றினால் அந்த வழி திறந்தே கிடக்கும். சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குத் திரும்பும். சூட்டைக் குறைக்கக் கழற்றியவர்களுக்கே சூடு ஏறுவது இதனால்தான். தயவுசெய்து புதிதாக ஒன்று வாங்கி மாட்டுங்கள்.

கேள்வி: நீல கூலண்டும் பச்சையும் ஒன்றா?

பதில்: நிறத்தைப் பற்றி மேலே சொல்லிவிட்டேன். கையேடு.

கேள்வி: ஏசி குளிரவில்லை.

பதில்: அது என் துறை இல்லை, ஏசி மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

கேள்வி: புது ரேடியேட்டர், புது தெர்மோஸ்டாட். இன்னும் சூடாகிறது, குமிழ் விடாமல் வருகிறது. மூடியைத் திறந்து பார்க்கட்டுமா?

பதில்: சூட்டில் வேண்டவே வேண்டாம்! ஹெட் கேஸ்கெட், அதாவது எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு, போயிருக்கலாம். கூலண்டில் சிலிண்டரில் எரிந்த புகை கலக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். அதுவரை வண்டியை எடுக்காதீர்கள், ஹெட் வளைந்துவிடும்.