‘மன்ற’ என்றொரு சொல்

அன்புள்ள ஐயா,

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தமிழ் மன்றத்தின் வாசிப்பில் குறுந்தொகை 66ஆம் பாடலைப் படித்தோம். ‘மடவ மன்ற தடவுநிலைக் கொன்றை’ என்னும் முதலடியின் ‘மன்ற’வுக்கு ‘நிச்சயமாக’ என்று உரை சொல்கிறது. நம் மன்றத்திற்கும் அதற்கும் உறவுண்டா? வெறும் அழுத்தத்திற்காக வந்த சொல்தானா?

வாசகி ஒருவர்

அன்புள்ள சகோதரிக்கு,

ஊர் கூடும் இடமான மன்றம் பெயர்ச்சொல். நீங்கள் கேட்கும் ‘மன்ற’ இடைச்சொல், பெயரையோ வினையையோ சார்ந்தே நடப்பது. ‘மன்றவென் கிளவி தேற்றம் செய்யும்’ என்று தொல்காப்பியர் இடையியலில் அதன் பொருளை ஒரே வரியில் வரையறுக்கிறார்.

அந்தத் ‘தேற்றம்’ என்ற சொல்லில் சற்று நிற்க வேண்டும். தேறு, தேற்று என்னும் வினைகளின் வழி வந்தது அது. கலங்கிய நீரைத் தெளிய வைக்கும் விதையைத் தேற்றாங்கொட்டை என்கிறோம். அழுபவரை ஆற்றுவதையும் தேற்றுதல் என்றே சொல்கிறோம். உறுதியும் தெளிவும் ஆறுதலும் தமிழில் ஒரே வேரில் கிளைத்திருக்கின்றன.

உங்கள் பாடலில் நடப்பதும் இதுதான். கார்காலத்தில் திரும்புவதாகச் சொல்லிப் போன தலைவன் வரவில்லை, கொன்றை பூத்துவிட்டது, அதைக் கண்டு தலைவி உடைகிறாள். உடனே தோழி, இது காலமல்லாக் காலத்து மழை, அதைக் கார் என்று நம்பிப் பூத்த இந்தக் கொன்றைகள் உறுதியாக அறிவற்றவை என்கிறாள். பருவம் வந்துவிட்டது என்பது அவளுக்கும் தெரியும் என்றே நான் வாசிக்கிறேன். தெரிந்தும் அவள் ‘மன்ற’ என்று சொல்வது, எதிரில் நிற்பவளின் கலக்கம் தெளிய வேண்டும் என்பதற்காக. ஆகவே அது வெறும் அழுத்தமன்று. மழையில் ரப்பர்ப் பால்மரம் சீவ முடியாத காலைகளில், சிங்கப்பூருக்கு வேலைக்குப் போன என் தந்தையை எண்ணி தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் கலங்கி நின்ற அம்மாவிடம், பக்கத்து வீட்டு அத்தை, “மழை விட்டதும் வந்திருவாரு, கட்டாயம்” என்பார். அவரிடம் கடிதமோ தகவலோ எதுவும் இருந்ததில்லை.

பிற்காலத்தில் ‘திண்ணம்’ இந்த வேலையைச் செய்திருக்கிறது. ‘திண்ணம் என் இளமான் புகுமூர் திருக்கோளூரே’ என்று நம்மாழ்வார் பாடலில், வீட்டை விட்டுப் போன மகளைப் பற்றித் தாய் சொல்கிறாள். அது திண்மையிலிருந்து வந்த சொல். கையால் தொட்டறியும் கெட்டித்தன்மை மனத்தின் உறுதிக்குப் பெயராயிற்று. ‘மன்ற’ பேச்சிலிருந்து மறைந்தாலும் அதன் இடம் காலியாக இல்லை. ‘வருவார்தான்’ என்கிறோமே, அந்தத் ‘தான்’ இன்று அங்கே இருக்கிறது.