மணவாளக்குறிச்சி மணலை வைத்தே அரிய மண் தனிமங்களில் இந்தியா தன்னிறைவு அடைய முடியுமா?

பாதிக் கிணறுதான் தாண்டலாம். குமரிக் கடற்கரையில் அலை ஒதுக்கிவிட்டுப் போகும் மணலை உள்ளங்கையில் அள்ளிப் பாருங்கள்: கருப்பாக இல்மனைட், சிவப்பாகக் கார்னெட், நடுவே தேன் நிறத்தில் ஒன்றிரண்டு மணிகள். அதுதான் மோனசைட், அரிய மண் தனிமங்கள் அடங்கிய கனிமம். (1909இல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர், இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் இதை அடையாளம் கண்டார். அன்று தேவைப்பட்டது தோரியம், கேஸ் விளக்கில் ஒளிரும் வலையான மேண்டிலுக்கு!)

வலுவான காந்தத்துக்கு வேண்டிய அரிய மண் தனிமமான நியோடிமியம் மோனசைட்டில் உண்டு. அந்தக் காந்தத்தை வெப்பம் தாங்க வைக்கும் டிஸ்புரோசியம் சொற்பம். தோரியம் கலந்திருப்பதால் கதிரியக்கக் கட்டுப்பாடும் சேர்ந்துகொள்கிறது. கடலோர ஊர்க்காரர்களின் பயம் நியாயமானதே. மணவாளக்குறிச்சியில் நடப்பது கனிமங்களைப் பிரிப்பது மட்டும். கனிமத்திலிருந்து தனிமங்களை எடுக்கும் வேதிப் பிரிப்புக்கு ஒடிசாவின் சத்ரபூர், கேரளத்தின் ஆலுவா. என்னைக் கேட்டால் பற்றாக்குறை மணலில் இல்லை; அப்படிப் பிரித்தெடுத்த ஆக்சைடை உலோகமாக்கி, காந்தமாக்கும் ஆலைகளில்தான்.