பெரிய கோப்புகளை இறக்க எந்த லைப்ரரி?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் நண்பர்கள் சிலர் சேர்ந்து, பதிப்புரிமை முடிந்த பழைய தமிழ் நூல்களின் ஸ்கேன் பிடிஎஃப்களைப் பல தளங்களிலிருந்து திரட்டி வருகிறோம். 1 ஜிபி ரேம் உள்ள சிறிய சர்வரில் நோட்.ஜேஎஸ் 20 ஓடுகிறது. நோடிலேயே உள்ள ஃபெட்ச் என்ற பதிவிறக்க வசதி கொண்டு, கோப்பை அரேபஃபராக (முழுவதும் மெமரியில் நிற்கும் பைட்டுகளாக) வாங்கி டிஸ்கில் எழுதுகிறோம். பெரிய கோப்பு வந்தால் நிரல் பாதியில் நின்றுவிடுகிறது. ஹீப் (நிரலின் பொருள்களுக்கான மெமரி) வரம்பைக் கூட்டியும் பயனில்லை. மாலை மழையில் இணையம் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டியிருக்கிறது. எடை குறைந்த பதிவிறக்க லைப்ரரி ஒன்றைச் சொல்வீர்களா?

பதில்: உங்களுக்கு லைப்ரரியே தேவையில்லை என்பது என் கருத்து. பேக்கேஜ் எத்தனை கிலோபைட் என்று பார்ப்பதைவிட, ஓடும்போது அது எவ்வளவு மெமரியைப் பிடித்துக்கொள்கிறது என்று பாருங்கள். முழுக் கோப்பையும் மெமரியில் சேர்த்துவிட்டுப் பிறகு எழுதும் எந்த லைப்ரரியும் இப்போதைய இடத்திலேயே உங்களைக் கொண்டுபோய் நிறுத்தும்.

ஹீப் வரம்பைக் கூட்டியது ஏன் உதவவில்லை? அந்த வரம்பு, நோடுக்குள் ஜாவாஸ்கிரிப்டை இயக்கும் வி8 இன்ஜினின் ஹீப்புக்கு மட்டுமே உரியது. அரேபஃபரின் பைட்டுகள் அதற்கு வெளியே இருக்கின்றன. வந்த துண்டுகளை ஒன்றாக இணைக்கும் கணத்தில் தேவை இன்னும் கூடும். அப்போது ரேம் தீர்ந்து, லினக்ஸ் கர்னலே உங்கள் நிரலைக் கொன்றிருக்கலாம். கர்னல் லாகைப் பார்த்தால் தெரியும்.

ஃபெட்ச் தரும் பதிலின் பாடியை ரீடபிள்.ஃப்ரம்வெப் மூலம் நோட் ஸ்ட்ரீமாக (துண்டு துண்டாகப் பாயும் தரவாக) மாற்றி, ஸ்ட்ரீம்/ப்ராமிசஸ் மாட்யூலின் பைப்லைன் வழியாகக் கோப்புக்கு அனுப்புங்கள். டிஸ்க் மெதுவாக இருந்தால் படிப்பதும் தானாக நிதானப்படும். கோப்பு 1 ஜிபி இருந்தாலும் மெமரியில் நிற்பது சில துண்டுகள்தான். பழைய பைப் முறையைத் தவிர்த்துவிடுங்கள். ஒரு முனையில் பிழை வந்தால் அது மறுமுனையை மூடாது. பைப்லைன் இரண்டையும் மூடிப் பிழையை உங்களிடம் ஒப்படைக்கும். இவ்வளவும் நோட் 18 முதலே எந்த பேக்கேஜும் இல்லாமல் கிடைக்கிறது.

404 வந்தாலும் ஃபெட்ச் பிழை எறியாது. பதிலின் ஓகே பண்பைச் சோதிக்காவிட்டால், ‘பக்கம் இல்லை’ என்ற எச்டிஎம்எல் பக்கம் பிடிஎஃப் என்ற பெயரில் உங்கள் சேகரிப்புக்குள் நுழைந்துவிடும்.

மழைப் பிரச்சினைக்கு வருவோம். இதில்தான் பலரும் கோப்பைக் கெடுத்துக்கொள்கிறார்கள். இறங்கும்போது கோப்புக்குப் ‘பார்ட்’ என்ற பின்னொட்டு கொடுங்கள். முழுதாக வந்த பிறகே உண்மைப் பெயருக்கு மாற்றுங்கள். இரண்டும் ஒரே ஃபோல்டரில் இருக்கட்டும், வேறு டிஸ்க் என்றால் பெயர் மாற்றம் தோற்கும். இணைப்பு அறுந்தால், பார்ட் கோப்பின் அளவைப் பார்த்து, அந்த பைட்டிலிருந்து மீதியைத் தரும்படி ரேஞ்ச் தலைப்புடன் கேளுங்கள். முதல் முறை கிடைத்த ஈடேகை (கோப்பின் பதிப்பைக் காட்டும் அடையாளத்தை) இஃப்-ரேஞ்ச் தலைப்பில் சேர்த்தால், இடையில் கோப்பு மாறியிருந்தாலும் பிசகு நேராது. பதில் 206 (கேட்ட பகுதி மட்டும்) என்று வந்தால் மட்டுமே கோப்பின் இறுதியில் ஒட்டி எழுதுங்கள். 200 வந்தால் அந்த சர்வர் முழுக் கோப்பையும் மறுபடி அனுப்புகிறது என்று பொருள். பழையதை அழித்து முதலிலிருந்து எழுத வேண்டும். இதைக் கவனிக்காமல் ஒட்டினால் பாதிப் புத்தகத்தின் பின்னால் முழுப் புத்தகம் சேர்ந்த, திறக்க மறுக்கும் கோப்பு மிஞ்சும்.

குறித்த நேரத்தில் கோரிக்கையை நிறுத்தும் அபார்ட்சிக்னல்.டைம்அவுட்டை இங்கே 1 நிமிடம் என்று வைக்காதீர்கள். அது மொத்த நேரத்தைக் கணக்கிடுவதால், நன்றாக இறங்கிக்கொண்டிருக்கும் கோப்பையும் வெட்டிவிடும். எந்தத் துண்டும் வராமல் 5 நிமிடம் கடந்தால் நோடின் ஃபெட்ச் தானாகவே இணைப்பைக் கைவிடும், அது போதும்.

முடிந்த கோப்பைச் சரிபாருங்கள். இன்டர்நெட் ஆர்க்கைவிலிருந்து எடுப்பவற்றுக்கு எம்டி5, எஸ்எச்ஏ1 மதிப்புகளை (கோப்பின் கைரேகை போன்றவை) அந்தத் தளமே தருகிறது. ஒப்பிட்டுப் பார்ப்பது சிறு வேலை, அரிய நூல்களுக்கு அது அவசியமும்கூட.

மறுமுயற்சியை நீங்களே எழுத விருப்பமில்லையென்றால் காட் (got) நல்ல லைப்ரரி; அதன் ஸ்ட்ரீம் வடிவத்தையே பயன்படுத்துங்கள். ஆக்ஸியோஸ் லைப்ரரி ஏற்கெனவே இருந்தால் ரெஸ்பான்ஸ்டைப்பை ஸ்ட்ரீம் என்று வையுங்கள். ரிக்வெஸ்ட் (request) என்ற லைப்ரரி வேண்டாம், 2020 பிப்ரவரியிலேயே அது கைவிடப்பட்டுவிட்டது. பெயர் தெரியாத சிறு பேக்கேஜ்களிடம் எனக்கு உண்மையான அச்சம் உண்டு. 2018இல் ஈவென்ட்-ஸ்ட்ரீம் என்ற புகழ்பெற்ற பேக்கேஜுக்குள்ளேயே, அது சார்ந்திருந்த சிறு பேக்கேஜ் ஒன்றின் வழியாக, பிட்காயின் திருடும் நிரல் புகுந்தது.

கடைசியாக, தமிழ்க் கோப்புகளுக்கே உரிய ஒரு சிக்கல். லினக்ஸின் வழக்கமான எக்ஸ்ட்4 கோப்பமைப்பில் ஒரு கோப்பின் பெயர் 255 பைட்டுகளைத் தாண்டக்கூடாது. யுடிஎஃப்-8இல் ‘தமிழ்’ என்ற சொல் மட்டுமே 15 பைட். பழைய நூல்களின் நீண்ட தலைப்பும் உரையாசிரியர் பெயரும் சேர்ந்தால் வரம்பு எளிதில் உடையும், பதிவிறக்கம் தொடங்கும் முன்பே பிழை வரும். தொலைவிலிருக்கும் சர்வர் அனுப்பும் பெயரை அப்படியே நம்புவதும் ஆபத்து. அதில் மேல் ஃபோல்டருக்கு ஏறும் புள்ளிகளும் சாய்கோடும் ஒளிந்திருக்கலாம். ஆகவே கோப்புக்கு எண்ணையே பெயராக வைத்து, தலைப்பு, ஆசிரியர், மூலத்தளம், ஈடேக் ஆகியவற்றை எஸ்க்யூலைட் தரவுத்தள அட்டவணையில் பதிந்துகொள்ளுங்கள்.