பிளாஸ்டிக் பாகத்துக்குக் குரோம் அடித்தால் நிற்குமா?

கேள்வி: என் பழைய பைக்கில் ஹெட்லைட் டூம், சைடு பேனல், கண்ணாடிக் கூடு எல்லாம் பிளாஸ்டிக். வெளுத்துப்போய் இருக்கின்றன. பொள்ளாச்சியில் ஒரு கடையில் “ஒரிஜினல் குரோம் போட்டுத் தருகிறோம்” என்று பாதிப் பணத்தை முன்பணமாகக் கேட்கிறார்கள். ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் குரோம் ஸ்ப்ரே டின்னும் கிடைக்கிறது. எதை நம்பலாம்?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை (பாலக்காடு மாவட்டம், கேரளம்)

பதில்: முன்பணத்தைக் கொஞ்சம் நிறுத்தி வையுங்கள். “போடப்போவது பிளேட்டிங்கா, அதாவது உலோக முலாமா, இல்லை ஸ்ப்ரேயா?” என்று முதலில் கேளுங்கள். குரோம் என்ற ஒரே பெயரில் வெவ்வேறு வேலைகள் நடக்கின்றன.

டின்னில் வருவது பெயிண்ட்தான். அடித்தவுடன் மினுங்கும், விரல் பட்டால் மங்கும். பாதுகாப்புக்கு மேலே கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) அடித்தால் கண்ணாடிப் பளபளப்பு இறங்கி சாதாரண சில்வர் ஆகிவிடும்.

அசல் பிளேட்டிங் பெரும்பாலும் ஏபிஎஸ் (ABS) என்ற பிளாஸ்டிக் வகையில்தான் நடக்கும். அதற்குள் ரப்பர் மாதிரி பியூட்டாடையீன் துகள்கள் இருக்கும். குரோமிக் அமிலக் கலவை அவற்றை அரித்து நுண்ணிய குழிகளை உண்டாக்கும். உலோகம் அதில்தான் பிடித்துக்கொள்கிறது. பிறகு செம்பு, நிக்கல், கடைசியில் மெல்லிய குரோம். அந்த அமிலத்தில் இருக்கும் குரோமியம் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது, கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் விட முடியாது. சின்னப் பட்டறையில் நடக்கிற வேலை இல்லை இது.

ஆகவே உங்கள் கடைக்காரர் சொல்வது அநேகமாக ஸ்ப்ரே குரோம். பளபளப்பான அடிப்பூச்சின் மேல் சில்வர் நைட்ரேட் கரைசலையும் இன்னொரு ரசாயனத்தையும் சேர்த்துப் பீய்ச்சினால் நிஜ வெள்ளிப் படலம் படியும். முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பின்னால் ரசம் ஏற்றுவதும் இதே வித்தைதான். பார்க்க அசல் குரோம் மாதிரியே இருக்கும், ஆனால் எத்தனை நாள் நிற்கும் என்பது முழுக்க மேலே அடிக்கிற கிளியரைப் பொறுத்தது.

இதை நான் பட்டே தெரிந்துகொண்டேன். என் வண்டியின் கண்ணாடிக் கூட்டுக்கு வெள்ளி ஏற்றிய ஒரு கடையில் ஹார்ட்னர் (பூச்சை இறுக வைக்கும் ரசாயனம்) கலக்காத சாதாரண கிளியரை அடித்துக் கொடுத்துவிட்டார்கள். எடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழை தொடங்கி சில வாரங்களில் ஓரம் தூக்கியது. நகத்தால் நெருடினால் பூண்டுத் தோல் மாதிரி உரிந்து வந்தது. பெட்ரோல் துளி பட்ட இடம் பால் மாதிரி வெளுத்து, தொட்டால் ஒட்டியது. அதனால் ஹார்ட்னர் கலந்த டூ-கே கிளியர்தான் வேண்டும் என்று கறாராகச் சொல்லுங்கள்.

அப்புறம், பாகத்தைக் கழற்றி உட்புறம் பாருங்கள். அச்சிலேயே ஏபிஎஸ் (ABS) அல்லது பிபி (PP, பாலிபுரோப்பிலீன் என்ற இன்னொரு பிளாஸ்டிக்) என்று ஆங்கில எழுத்துகள் இருக்கும். அழிந்திருந்தால் உள்பக்கம் சிறு சீவல் எடுத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பிபியாகத்தான் இருக்கும், ஏபிஎஸ் மூழ்கும். பிபியில் தனி ஒட்டுப் பிரைமர் இல்லாமல் எந்தப் பூச்சும் நிற்காது.

என்னைக் கேட்டால், டூமுக்கும் கண்ணாடிக் கூட்டுக்கும் ஸ்ப்ரே குரோம் போடலாம். சைடு பேனலில் தொடை உரசிக்கொண்டே இருக்கும், அங்கே வேண்டாம். அதற்குப் பழைய நிறத்தையே அடியுங்கள், அல்லது புது பேனல் விலையை விசாரியுங்கள். இண்டிகேட்டர், ரிஃப்ளெக்டர் மேல் எதையும் பூச வேண்டாம்.

பில்லில் வெறும் “குரோம்” என்று எழுதினால் ஏற்காதீர்கள். ஸ்ப்ரேயா பிளேட்டிங்கா, எந்தக் கிளியர், எத்தனை மாத உத்தரவாதம் என மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். கடை தமிழ்நாட்டில் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது பாலக்காடு நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். 2 ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. அதற்கு முன் 1915 என்ற தேசிய உதவி எண்ணில் சொல்லிப் பாருங்கள். வேலை முடிந்து வாங்கும் அன்றே, பகல் வெளிச்சத்தில் ஓரங்களைக் கிட்டத்தில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.