டோல்கியனின் தட்டை உலகம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' முடித்த கையோடு டோல்கியனின் 'சில்மரில்லியன்' எடுத்தேன். தொடக்கத்திலேயே கடவுள் எடுத்துக் கொடுக்க, தேவகணங்கள் பாட, அந்தப் பாட்டிலிருந்து உலகம் பிறக்கிறது. நம்முடைய நாதப்பிரம்மம்தானே இது என்று தோன்றியது. ஆனால் போகப் போகக் குழப்பம். உலகம் தட்டை. சூரியன் கிடையாது. முதலில் இரண்டு விளக்குகள், அப்புறம் இரண்டு மரங்கள். மரங்கள் செத்ததும் கடைசிப் பழம் சூரியன் ஆகிறது, கடைசிப் பூ சந்திரன் ஆகிறது. வெகுகாலம் கழித்து ஒருநாள் உலகம் உருண்டை ஆகிறது! இருபதாம் நூற்றாண்டில் ஒரு ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் இப்படி எழுதலாமா? கடைசிக் காலத்தில் அவரே இதை அறிவியலுக்கு ஒத்துவரும்படி மாற்ற முயன்றார் என்றும் படித்தேன். அப்படியென்றால் இது அவரே ஒப்புக்கொண்ட பிழைதானே?

கேட்பதற்குக் காரணம் உண்டு. நானும் ஒரு மிகுபுனைவு நாவல் எழுதுகிறேன். ஒன்பது உலகங்கள், இரண்டு சூரியன்கள். நாற்பது பக்கம் குறிப்பு எழுதியாயிற்று, முதல் அத்தியாயம் இன்னும் தொடங்கவில்லை. இரண்டு சூரியன் இருந்தால் பருவங்கள் எப்படி வரும் என்று நண்பன் மடக்குகிறான். பிரபஞ்சத்தை முழுதாகக் கட்டிவிட்டுத்தான் கதைக்குள் போக வேண்டுமா? குறிப்புகளை இணைத்திருக்கிறேன்.

பி., ஈரோடு

அன்புள்ள பி.,

குறிப்புகளைப் படித்தேன். அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

உலகம் ஒலியில் தொடங்குவதற்கு நாதப்பிரம்மம் வரைக்கும் போக வேண்டியதில்லை, பரிபாடலே போதும். இரண்டாம் பாடலில் கீரந்தையார் ஒலியோடு தோன்றிய வானத்தில் ஆரம்பித்து, காற்று, தீ, நீர், நிலம் என்று ஊழி ஊழியாக இறங்கி வருவார். ஆனால் ஒற்றுமை அந்த முதல் படியோடு சரி. கீரந்தையாரின் பிரபஞ்சத்தில் யாருக்கும் சுருதி தப்புவதில்லை. டோல்கியனிடம் கதை ஆரம்பிப்பதே சுருதி தப்பும் இடத்தில்தான்.

இலூவதார் என்ற முதற்கடவுள் எடுத்துக் கொடுக்கிறார். ஐனூர் எனப்படும் தேவகணங்கள் அதை விரித்துப் பாடுகிறார்கள். அவர்களில் ஆற்றல் மிகுந்த மெல்கோர் தன் சொந்தச் சரக்கை நடுவில் நுழைக்கிறான். பக்கத்தில் இருப்பவர்கள் தடுமாறுகிறார்கள், சிலர் அவன் பக்கமே சேர்ந்துகொள்கிறார்கள். இரண்டாம் முறை எடுத்துக் கொடுக்கிறார், அதையும் கெடுக்கிறான். மூன்றாம் முறை இரண்டு இசைகள் ஒரே நேரத்தில் ஒலிக்கின்றன. ஒன்று நிதானமானது, ஆழமானது, துயரம் தோய்ந்தது. அந்தத் துயரத்தால்தான் அது அழகாகவும் இருக்கிறது. மற்றது நாலைந்து ஸ்வரங்களையே எக்காளம்போல் திரும்பத் திரும்ப முழக்குவது. முழக்கம் எவ்வளவு உயர்ந்தாலும் அதன் உச்சங்களை எல்லாம் நிதானமான இசை எடுத்துத் தனக்குள் சேர்த்துக்கொண்டு போகிறது.

பிறகு ஒரு சின்ன இடம் வரும். நீருக்கு உரியவனான உல்மோவை அழைத்து இலூவதார் காட்டுகிறார்: மெல்கோர் கடுங்குளிரை ஏவி உன் நீரைக் கெடுக்கப் பார்த்தான், அங்கே பனித்துகள் உண்டாகியிருக்கிறது. வெப்பத்தை ஏவினான், மேகமும் மழையும் வந்திருக்கின்றன. நீர் இவ்வளவு அழகாக ஆகும் என்று நானே நினைத்திருக்கவில்லை என்கிறான் உல்மோ. உலகில் ஏன் தீமை இருக்கிறது என்று தத்துவவாதிகள் மூட்டை மூட்டையாக எழுதியிருக்கிறார்கள். இவர் ஒரு பனித்துகளைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார். (எனக்கு இந்தப் பதிலில் முழுத் திருப்தி இல்லை. குளிரில் விறைத்துச் செத்தவனிடம் போய் இதைச் சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கதைக்குள் அது நிற்கிறது.)

இனி தட்டை உலகம். இது போகிறபோக்கில் எழுதியதில்லை. 1930களில் 'அம்பர்கந்தா' என்ற பெயரில் உலகின் வடிவத்துக்கென்றே தனியாக ஒரு குறிப்பு எழுதி, படங்களும் போட்டு வைத்திருந்தார். நிலத்தைச் சூழ்ந்து வெளிக்கடல், மேலே காற்று, அதற்கும் மேலே நட்சத்திரங்கள் உலவும் வெளி, எல்லாவற்றையும் வளைத்து உலகச் சுவர், சுவருக்கு அப்பால் சூனியம். சூரியன் இல்லாமல் செடி எப்படி இருந்தது என்று உங்கள் நண்பர் கேட்பார். அதற்கும் பதில் வைத்திருக்கிறார்: விளக்குகள் உடைந்ததும் பயிர்பச்சைகளின் தேவியான யவன்னா, முளைத்தவற்றில் பலவற்றை உறக்கத்தில் ஆழ்த்திவிடுகிறாள்.

மரங்களைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். தெல்பெரியனுக்கு வெள்ளி ஒளி, லாரெலினுக்குப் பொன்னொளி. ஒவ்வொன்றும் ஏழு மணி நேரம் ஒளிவிட்டு அடங்கும். ஒன்று அடங்குவதற்கு ஒரு மணி முன்பே மற்றது விழித்துக்கொள்ளும். ஆகவே பன்னிரண்டு மணி நேரம் கொண்ட ஒவ்வொரு நாளிலும் இரண்டு முறை, வெள்ளியும் பொன்னும் கலந்த ஒரு மங்கல் ஒளி. மரங்களின் ஒளியைத்தான் ஃபெயனோர் என்ற எல்ஃப் கைவினைஞன் சில்மரில் எனப்படும் மூன்று ரத்தினங்களில் அடைத்து வைக்கிறான். (எல்ஃப்கள் சாவில்லாத ஓர் இனம்.) மெல்கோரும் உங்கோலியன்ட் என்ற சிலந்திப் பூதமும் சேர்ந்து மரங்களைக் கொன்ற பிறகு, கறைபடாத பழைய ஒளி உள்ள இடம் அந்த மூன்று ரத்தினங்கள் மட்டுமே. சில்மரில்லியனில் நடக்கும் பெரும்பாலான போர்களுக்கும் துரோகங்களுக்கும் வேர் அவைதான். சூரியன் அங்கே வெறும் ஈடு. பறிபோன நல்ல பொருளுக்குப் பதிலாகக் கைக்குக் கிடைத்தது. தினமும் காலையில் நாம் பார்ப்பது ஒரு இழப்பின் மிச்சம் என்றால் அந்த உலகத்தின் முழு மனநிலையும் அதில் வந்துவிடுகிறது, இல்லையா?

உருண்டை ஆவதும் அப்படித்தான். எல்ஃப்கள் உலகம் முடிகிறவரை உலகத்தோடு கட்டுண்டவர்கள். மனிதர்கள் செத்து உலகத்தை விட்டே வெளியேறுகிறவர்கள். சாவு இலூவதார் தந்த கொடை என்று சொல்லப்படுகிறது, ஆனால் நூமெனோர் தீவின் மன்னர்களுக்கு அது கசக்கிறது. இரண்டாம் யுகம் 3319இல் அவர்களில் கடைசி மன்னனான ஆர்-ஃபாரஸோன் பெரும் கடற்படையோடு சாவில்லாதவர்களின் நாட்டின்மீது படையெடுக்கிறான். இலூவதார் உலகத்தின் வடிவத்தையே மாற்றுகிறார். கடல் பிளக்கிறது, நூமெனோர் மூழ்குகிறது, தேவர்களின் நாடு பூமியிலிருந்து எடுக்கப்படுகிறது. தப்பிப் பிழைத்தவர்களின் வழிவந்த மாலுமிகள் மேற்கே போய்க்கொண்டே இருந்து, கடைசியில் புறப்பட்ட இடத்துக்கே களைத்து வந்து சேர்கிறார்கள். வழிகள் எல்லாம் வளைந்துவிட்டன. எல்ஃப்களின் கப்பலுக்கு மட்டும் பழைய நேர்வழி திறந்திருக்கிறது. நீங்கள் முதலில் படித்த நாவலின் முடிவில் ஃப்ரோடோ ஏறிப் போகும் கப்பல் அந்த வழியில்தான் போகிறது. உலகம் ஆதியிலிருந்தே உருண்டை என்றால் அந்தப் பயணத்துக்கு இந்தக் கனம் வராது.

ஆக, பிழை என்று நீங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. டோல்கியன் அதைப் பிழை என்று நினைத்தது உண்மைதான். 1940களிலேயே உலகம் முதலிலிருந்தே உருண்டை என்று ஒரு வடிவம் எழுதினார். 1948இல் இரண்டையும் தோழி கேத்தரின் ஃபாரரிடம் படிக்கக் கொடுத்தார். அவர் நாவலாசிரியர். அவருக்குப் பிடித்தது தட்டை உலகம்தான். ஆனாலும் டோல்கியனுக்கு அரிப்பு நிற்கவில்லை. 1950களின் பிற்பகுதியில் மறுபடி பிடித்துக்கொண்டார். எல்ஃப்கள் தேவர்களிடமே பாடம் கேட்டவர்கள், அவர்கள் எப்படித் தட்டை உலகத்தை நம்பியிருப்பார்கள்? அப்படியானால் இவையெல்லாம் மனிதர்கள் வழியாகக் கலங்கி வந்த கதைகள் என்று வைத்துக்கொள்வோம். சூரியன் முதலிலிருந்தே இருக்கட்டும். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. ஆனால் சூரியன் ஏற்கனவே இருந்தால் இரண்டு மரங்கள் எதற்கு? அதற்காகத் தேவர்களின் நாட்டின்மேல் ஒரு கவிகை மாடத்தைக் கவிழ்த்து, அதில் நட்சத்திரங்களைப் பதித்து, மெல்கோர் கறைபடுத்திய சூரிய ஒளி உள்ளே வராமல் தடுக்க வேண்டியதாயிற்று. ஒரு ஓட்டையை அடைக்க ஒரு கூரை. இந்த மாற்றத்தை அவரால் முடிக்கவே முடியவில்லை. 1973இல் அவர் இறந்தார். 1977இல் சில்மரில்லியனைத் தொகுத்த மகன் கிறிஸ்டோஃபர் பழைய தட்டை உலகத்தையே வைத்தார். நான் அவர் கட்சி.

இங்கே நம் வானியலாளர்கள் ஞாபகம் வருகிறார்கள். புராணத்தில் மேரு நடுவில் நிற்கும் தட்டை உலகம், கணிதத்தில் கோளம். சூரிய சித்தாந்தம் என்ன செய்தது? மேருவைக் கோளத்தின் ஊடாகச் செருகி, வடதுருவத்தில் தேவர்களையும் தென்துருவத்தில் அசுரர்களையும் குடியேற்றியது. துருவத்தில் சூரியன் ஆறு மாதம் மறையாது. மனிதர்களின் ஓராண்டு தேவர்களுக்கு ஒருநாள் என்ற புராணக் கணக்கும் சரியாகப் பொருந்திவிட்டது. கதையை அழிக்காமல் கோளத்தில் அதற்கு ஒரு வீடு பார்த்துக் கொடுத்தார்கள். தட்டை உலகம் ஒருநாள் வளைந்தது என்று எழுதிய டோல்கியனும் அதே சாமர்த்தியசாலிதான். பின்னால் தானே அதைச் சந்தேகப்பட்டார்.

அதற்காக வானியல் கணக்கே வேண்டாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 1944இல் மகனுக்கு எழுதிய கடிதத்தில் ஒரு புலம்பல் இருக்கிறது. நாவலில் நிலா ஓர் இடத்தில் உதிக்கும் அதே நேரத்தில் இன்னோர் இடத்தில் மறைந்துகொண்டிருந்ததாம். முந்தைய அத்தியாயங்களைத் திருத்துவதிலேயே ஒரு பிற்பகல் போயிற்றாம். அது தேவையான வேலை. ஃப்ரோடோவும் ஆரகார்னும் வேறு வேறு இடங்களில் அந்த நிலாவின் கீழ் நடக்கிறார்கள். அது எந்த இரவு என்று வாசகன் நம்ப வேண்டும். நிலா ஒரு பூவிலிருந்து வந்ததா, பாறையா என்பது வேறு விஷயம்.

சரி, உங்கள் குறிப்புகள். நாற்பது பக்கமும் கட்டி முடிக்கத் தேவையில்லை என்பது என் கருத்து. ஒன்பது உலகங்களின் பெயர், பரப்பு, ஆட்சியாளர் வரிசை எல்லாம் இருக்கின்றன, அவற்றில் யாரும் எதையும் இழக்கவில்லை. ஆனால் முப்பத்தோராம் பக்கத்தில் ஓரமாக ஒன்று எழுதியிருக்கிறீர்கள்: இரண்டு சூரியன்களும் மாறி மாறிக் காய்வதால் ஏழாம் உலகத்தில் இரவே கிடையாது. இரவில்லாததால் கனவில்லை. கனவை அவர்கள் ஆறாம் உலகத்துக்காரர்களிடம் விலைக்கு வாங்குகிறார்கள். இதை எப்படி இரண்டே வரியில் விட்டீர்கள்? நாவல் இங்கேதான் இருக்கிறது. பருவங்களின் கணக்கை நண்பரே போட்டுக்கொண்டிருக்கட்டும். கனவை விற்றுவிட்டவன் மறுநாள் எப்படி எழுந்து வேலைக்குப் போகிறான், வாங்கியவன் அதற்கு என்ன கொடுத்தான் என்று முதல் அத்தியாயத்தை எழுதி அனுப்புங்கள், படிக்கிறேன்.