வலை காயும் மணல்மேட்டில் ரிசார்ட் வேலி

வலை உலர்த்தும் மணல்மேட்டைச் சுற்றி ரிசார்ட்டுக்காரர்கள் கம்பி வேலி போட்டுவிட்டார்கள், ஊரே எதிர்த்தும் பயனில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். கோஷத்தைவிட இங்கே மீட்டர் கணக்குதான் பேசும். 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையின்படி, ஊரகக் கரையில் உயர் அலைக் கோட்டிலிருந்து (பெரிய அலையேற்றத்தில் கடல்நீர் எட்டும் எல்லை) 200 மீட்டர் வரை பொதுவாகப் புதுக் கட்டடம் கூடாது. மக்கள் நெருக்கம் சதுர கிலோமீட்டருக்கு 2,161ஐத் தாண்டிய ஊரென்றால் 50 மீட்டர்தான். இந்த இடத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உங்கள் ஊர் எந்த வகை என்பதை மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் பாருங்கள்.

பௌர்ணமியன்று அலை ஏறி நின்ற ஈரத்தடத்திலிருந்து வேலிக்கல் வரை டேப் பிடித்து, தேதி தெரியப் படமெடுங்கள். அரசு குறித்த கோடுதான் செல்லும். ஆனாலும் படம் உதவும்.

ரிசார்ட்டுக்குக் கொடுத்த அனுமதி ஆணை நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் இன்றே கேளுங்கள். பதிலுக்கு 30 நாள் ஆகலாம். அந்த ஆணையை எதிர்த்துச் சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தில் மேல்முறையீடு செய்யவும் 30 நாள்தான், தக்க காரணம் காட்டினால் மேலும் 60.

கேரளத்தின் வேம்பநாட்டுக் காயலில் நெடியதுருத்துத் தீவு ரிசார்ட்டை இடிக்கும் உத்தரவை 2020இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. வழக்குக்கு வித்திட்டவர்கள் வலை ஊன்ற இடமிழந்த மீனவர்கள். வேலிக்குள் சிக்கிய வலைக்காரர்களையே முதல் மனுதாரர்களாக்குங்கள்.