கொலையாளி பிடிபடும்வரை காத்திருக்காதீர்கள்

கேள்வி: பக்கத்து வீட்டுப் பெண்ணின் கொலை வழக்கில் என் அண்ணனைப் போலீசார் விசாரித்து அனுப்பிவிட்டார்கள். பத்து மாதமாகத் துப்புத் துலங்கவில்லை. அப்போதே ஒரு யூடியூப் சேனல் அண்ணன்தான் கொலையாளி என்று வீடியோ போட்டது. இப்போது ஒருவர் வந்து, சேனல் பணம் தரும், சமாதானமாகப் போங்கள் என்கிறார். கொலை வழக்கு முடியும்வரை பொறுப்பதா, கையெழுத்திடுவதா?

பதில்: இரண்டும் வேண்டாம். அவதூறுக்கு இழப்பீடு கேட்டு சிவில் வழக்குத் தொடுக்க, வீடியோ வெளியான நாளிலிருந்து ஓராண்டுதான் அவகாசம். கொலை வழக்குக்காக அந்தக் கெடு நகராது. விசாரணைக் கோப்பு ஆண்டுக்கணக்கில் கிடப்பில் கிடக்கலாம், கேட்பாரில்லை. பெயர் கெட்டவருக்கு மட்டும் ஓராண்டு! இந்த அநீதியைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொறுமை போய்விட்டது.

பத்தாவது மாதத்தில் தரகர் ஏன் வருகிறார்? பேச்சை இன்னும் இரண்டு மாதம் இழுத்தால் போதும், உங்கள் வழக்கு காலாவதியாகிவிடும். வெற்றுப் பத்திரத்தில் கையெழுத்துக் கேட்பார்கள், போடாதீர்கள். சேனல் கொடுத்த அதிகாரக் கடிதத்தை முதலில் காட்டச் சொல்லுங்கள்.

அமெரிக்காவில் 1996-இல் ஜான்பெனே ராம்சே என்ற ஆறு வயதுச் சிறுமி கொல்லப்பட்டாள். கொலையாளி இன்றுவரை தெரியவில்லை. தொலைக்காட்சித் தொடர் ஒன்று தன்னைக் குற்றவாளியாகக் காட்டியது என்று அவளுடைய அண்ணன் 2016-இல் அதை ஒளிபரப்பிய சிபிஎஸ் தொலைக்காட்சி நிறுவனத்தின் மீது 75 கோடி டாலர் கேட்டு வழக்குப் போட்டார். வழக்கைத் தள்ளுபடி செய்ய நீதிபதி மறுத்த பிறகு, 2019-இல்தான் சமரசம் வந்தது. தொகை வெளியிடப்படவில்லை.

ஒரு விலக்கைக் கவனியுங்கள். நீதிமன்றத்தில் ஒரு வழக்கறிஞர் உங்கள் அண்ணனைச் சுட்டிப் பேசி, அதைச் சேனல் உள்ளபடி சொல்லியிருந்தால் அவதூறாகாது. அவர் பேசியது தவறாகவே இருந்தாலும் ஆகாது. ஆனால் போலீஸ் நிலைய வாசலில் கேட்ட கிசுகிசுவுக்கு இந்தக் காப்பு கிடையாது. நீதிமன்றச் செய்தியின் நடுவே செருகிய ஊகத்துக்கும் கிடையாது. ஆகவே வீடியோவில் பேசியதை வரிவரியாக எழுதுங்கள். எந்த வரி எங்கிருந்து வந்தது என்று பிரித்துக் குறியுங்கள்.

அவதூறு ஒரு குற்றமும்கூட. பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றத் தண்டனைச் சட்டத்தின் 356-ஆம் பிரிவில் மாஜிஸ்திரேட்டிடம் புகார் கொடுக்க மூன்றாண்டு உண்டு. அது தண்டனைக்கான வழி.

வழக்கைத் தொடுக்க வேண்டியவர் உங்கள் அண்ணன். உங்கள் கையெழுத்து செல்லாது. இந்த வாரமே அவர் வழக்கறிஞரைப் பார்க்கட்டும். சமரசம் வேண்டுமென்றால் வழக்குத் தாக்கலான பின் பேசுங்கள். வீடியோ நீக்கம், அதே சேனலில் மன்னிப்பு, மறுபடி வெளியிட மாட்டோம் என்ற உறுதி மூன்றையும் நீதிமன்றத்தில் பதிவு செய்து, தீர்ப்பாணையாக வாங்குங்கள்.